சிவப்பில் என் பெயர்

மேடவாக்கத்தில் கம்பெனி வேனில் ஏறினாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கிய காலம் ஒன்று உண்டு. பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் கைகள் சில்லிட்டுவிடும். இதயத்தில்தான் கோளாறு என்று பயந்து டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கும்மா. ஆபீஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தொலைபேசிப் பிரிவில் எனக்கு வேலை. பணம் மறுக்கப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். திட்டுவார்கள், கெஞ்சுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எங்கள் எதிரே சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். யாருடைய அழைப்பு நீண்டுபோகிறதோ அவர் பெயர் அதில் சிவப்பாக மாறும். எல்லாரும் பார்ப்பார்கள். முன்பெல்லாம் பக்கத்து இருக்கையில் சந்தேகம் கேட்போம், சிரிப்போம். திரை வந்த பிறகு அவரவர் பாட்டுக்கு இருந்தோம். சிவந்துவிடக் கூடாதே என்ற பயத்திலேயே நான் விவரங்களைத் தப்புத் தப்பாகப் பதிந்தேன். அதே ஆட்கள் மறுபடியும் கூப்பிட வேண்டிவந்தது.

ஒரு நாள் மதியம் ஒரு பெண்மணி அழைத்தார். கணவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோயிருந்தார். என்ன சான்றிதழ் குறைகிறது என்று கேட்க வந்தவர், கேட்க முடியாமல் அழுதுகொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். என் பெயர் சிவந்திருந்தது. "டீடெயில்ஸ் மெயில்ல வரும் மேடம்" என்று சொல்லி அழைப்பை முடித்தேன். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே முடியவில்லை.

எங்கள் மேனேஜர் மேடம் தேடிக்கொண்டு வந்தார். தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ எனக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?"

சொன்னேன்.

"எனக்கும் காலையில பார்க்கிங்ல வண்டிய விட்டுட்டு உள்ள வரவே மனசு வராது. மேல இருக்கறவங்க என் பேரையும் கலர்லதான் பாக்கறாங்க" என்றார். "இப்ப உனக்கு என்ன பண்ணணும்னு தோணுது?"

"அந்தம்மாவ திரும்பக் கூப்பிடணும் மேடம்."

"வா, கூப்பிடலாம்."

அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் கணவரைப் பற்றிப் பேசப் பேசக் கேட்டேன். கடைசியில் பார்த்தால், ஆஸ்பத்திரி தர வேண்டிய ஒரே ஒரு தாள்தான் குறைந்தது. யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

"நீங்க திரும்பக் கூப்பிடுவீங்கன்னு நெனைக்கவேயில்லம்மா" என்றார்.

மறுநாள் எங்கள் பிரிவில் திரை அணைந்திருந்தது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தபோது, "கொஞ்ச நாள் விட்டுப் பாருங்க சார். வேலை கெட்டுச்சுன்னா நானே ஸ்கிரீன திரும்பப் போடறேன்" என்று மேனேஜர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. மனதைப் பிசைகிற பேச்சுக்குப் பிறகு யாரையும் கேட்காமல் எழுந்து வெளியே போய்வரலாம் என்றும் ஆனது. இருக்கைகளுக்கு இடையே பேச்சு திரும்பியது. தப்புகள் குறைந்தன. வேலை கெடவில்லை.

என் படபடப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வந்தால் இப்போது மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் மேனேஜர் முகம் வாடிக் கிடந்தது. லீவு போடத் தயங்கினார்.

"போய்ட்டு வாங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்று கைப்பையை எடுத்துக் கொடுத்து லிஃப்ட் வரை கூடவே போய் அனுப்பிவைத்தோம்.