தர்ஷினிக்கு நான் விற்ற ப்ளூ கட் கண்ணாடி

டோல்கேட் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். பில் போடும் பெண்ணாகச் சேர்ந்தேன். பிறகு ஃபிட்டிங் பழகினேன், மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்தேன். இப்போது கண் பரிசோதிக்கும் டெஸ்ட் ரூம் என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்நேரமும் போன் பார்க்கிற குழந்தைக்கு எந்த ப்ளூ கட் லென்ஸ் கொடுக்கலாம் மேடம்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரி எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. நான் செய்த ஒரு தவறிலிருந்து கிடைத்தது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. நீல டார்ச்

கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். அதற்குள் பிள்ளைகள் எல்லோரும் போனோடு ஒட்டிப் பிறந்தவர்கள் போல ஆகிவிட்டிருந்தார்கள். பெற்றோருக்கோ பயம். "கண்ணு போயிடும்னு டிவியில சொல்றாங்களே" என்று தினமும் நான்கு பேராவது வருவார்கள்.

லென்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் வந்து எங்களுக்கு அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பேனா மாதிரி ஒரு டார்ச், கையளவு ஒரு வெள்ளை அட்டை. டார்ச்சை அடித்தால் அட்டையில் நீலப் புள்ளி விழும். நடுவில் சாதா லென்ஸைப் பிடித்தாலும் புள்ளி விழும். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் ப்ளூ கட் லென்ஸைப் பிடித்தால் விழாது.

"மேடம், நீங்க எதுவும் பேசவே வேணாம். பேரன்ட்ஸ்கிட்ட இத ஒருவாட்டி காட்டுங்க, அவங்களே பில் போடச் சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. நான் ஏமாற்றினேன் என்று சொல்லமாட்டேன். நானும் அதை நம்பினேன். என் மகனுக்கே ஒன்று செய்து போட்டேன். போனிலிருந்து வருகிற நீல வெளிச்சத்தைவிடப் பகலில் வெளியே நின்றால் வருவது எத்தனையோ மடங்கு அதிகம் என்பதையும், போன் பார்த்துக் கண் எரிவதற்குக் காரணம் இமைக்க மறப்பதும் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்ப்பதும்தான் என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காஞ்சனா வந்தாள். விம்கோ நகர்க்காரி, கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. கணவர் எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கூடவே இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தர்ஷினி.

"அக்கா, இது எந்நேரமும் போனு பாத்துகினே கீது. ஸ்கூலு வுட்டு வந்தா நானும் வூட்ல இல்ல, அவரும் இல்ல. தலைய வலிக்குதுன்னு வேற சொல்லுது. அந்த நீலக் கண்ணாடி ஒண்ணு குடுத்துரு."

கடையில் அன்று கூட்டம். டெஸ்ட் ரூமுக்கு வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பவர் கண்ணாடி இல்லையே, எதுக்கு டெஸ்ட்டு" என்று காஞ்சனாவும் சொன்னாள். நானும் சரி என்றேன். டார்ச் அடித்துக் காட்டினேன். ரோஸ் நிற ஃப்ரேமில் பவர் இல்லாத ப்ளூ கட் லென்ஸ் மாட்டிக் கொடுத்தேன். தர்ஷினி முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். காஞ்சனா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு குழந்தையை நான் டெஸ்ட் ரூம் நாற்காலியில் உட்கார வைக்கக்கூட இல்லை.

2. ஸ்க்ரூ கழன்ற நாள்

எட்டு மாதம் கழித்து, ஃப்ரேமின் ஒரு பக்கக் காதுக் கம்பி கழன்றுவிட்டது என்று இருவரும் திரும்ப வந்தார்கள். ஸ்க்ரூ போடுவது இரண்டு நிமிட வேலை. மத்தியான நேரம், கடை காலி. நான் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தபோது தர்ஷினி டெஸ்ட் ரூமுக்குள் புகுந்துவிட்டாள். ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொல்வதற்காகக் கரண்டி மாதிரி ஒரு கறுப்புத் தட்டு வைத்திருப்போம். அதை எடுத்து இந்தக் கண், அந்தக் கண் என்று மாற்றி மாற்றி மறைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்தக் கண்ண மூடினா அந்த போர்டுல கீற எழுத்தெல்லாம் ஓடிப்போயிடுது" என்றாள். அதை ஒரு மாய வித்தைபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் மூடியிருந்தது வலது கண்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். "எங்க, இன்னொருவாட்டி மூடு." மூடினாள். "மேல இருக்கிற பெரிய எழுத்து தெரியுதா?" தெரிந்தது. "அதுக்குக் கீழ?" தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மறைப்பின் ஓரமாக வலது கண்ணால் எட்டிப் பார்க்க முயன்றாள். நான் என் உள்ளங்கையால் அந்தக் கண்ணை நன்றாக மறைத்தேன்.

"கலங்கலா கீது ஆன்ட்டி."

இடது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். மெஷினில் வைத்துப் பார்த்தேன். இடது கண்ணில் பெரிய பிளஸ் பவர். வலது கண்ணில் கிட்டத்தட்ட எதுவுமில்லை. நல்ல கண் ஒன்று வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டதால் மற்றது சும்மா இருந்தே பழகிவிட்டது. தொழிலில் இதைச் சோம்பேறிக் கண் என்போம். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் திருப்பிக் கொண்டுவரலாம். வயது ஏற ஏறக் கஷ்டம். ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

விஷயத்தைச் சொன்னதும் காஞ்சனா மகளின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"போனு போனுன்னு கண்ண அவிச்சிக்கினியேடி! உங்கப்பன் வரட்டும் இன்னிக்கு, அந்தப் போன ஒடைக்கறனா இல்லியா பாரு!"

குழந்தை அழவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நம்பி, தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

3. வாயைத் திறந்தது

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த நிமிடத்தில் பழி போன் மேலும் குழந்தை மேலும்தான் இருந்தது. என் பெயர் எங்கேயும் வரவில்லை. எட்டு மாதம் முன்னால் டெஸ்ட் செய்யாததைக் காஞ்சனா நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும்.

ஆனால் அந்தப் பிள்ளை நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை.

"காஞ்சனா, அவள அடிக்காத. இது போன் பாத்து வந்ததில்ல. இந்தக் கண்ணு சின்னதுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். ஒரு கண்ணு தெரியலன்னு அவளுக்கே தெரியாது. போன தடவ நீ வந்தப்பவே நான் செக் பண்ணியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன். பண்ணல. தப்பு என்னுது."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வெளியே போய்விட்டாள்.

முதலாளியிடம் அன்றே சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. வியாபாரத்தில் கறார்.

"டெஸ்ட் பண்ணாமலா குடுத்த?"

"ஆமா அண்ணாச்சி."

"அன்னைக்கு நானும் கடையிலதான இருந்தேன். கூட்டமா இருக்கு, சட்டுபுட்டுனு முடின்னு சொன்னது நானாக்கும். ஒன்ன மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போச்சான்னு விசாரிம்மா, மொதல்ல."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

4. ஆஸ்பத்திரி பெஞ்சு

பத்து நாள் பொறுத்தேன். பிறகு பில்லில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"அக்கா, சட்டுனு சொல்லு, சூப்பர்வைசர் பாத்தான்னா கத்துவான்" என்றாள் காஞ்சனா. பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"இல்லக்கா. அவருக்கு நாலு நாளா போர்ட் கேட்டாண்ட லாரி லைன்லயே நிக்குது. எனக்கு அங்க எங்க போவணும், யார கேக்கணும்னு ஒண்ணும் புரியல."

"என் மேல கோவமா?"

"கோவம் கீதுக்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத்தவிட பயமா கீது."

"வியாழக்கிழமை லீவு போடு. நானும் கூட வரேன்."

அரசு கண் ஆஸ்பத்திரியில் காலை ஏழரைக்கே போய் நின்றோம். குழந்தைக்குக் கண்ணில் பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கண் எரிகிறது என்று தர்ஷினி அழ, காஞ்சனா அவளை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் வெளிச்சத்தை மறைத்தாள். நாங்கள் இருவரும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பரிசோதித்தவர் இளம் டாக்டர் ஒருவர். இடது கண்ணுக்குப் பிளஸ் நாலரை எழுதினார். கண்ணாடியை விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணுக்கு மேல் பட்டை ஒட்டி மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும் என்றார்.

"யாரும்மா இத கண்டுபிடிச்சது? நிறைய பசங்க பத்து வயசுக்கு மேலதான் வராங்க."

காஞ்சனா உடனே என்னைக் காட்டினாள். "இவங்கதான் டாக்டர். எங்க ஏரியா கண்ணாடிக் கடை அக்கா. லீவு போட்டுகினு கூடவே வந்துகீறாங்க."

"நல்ல வேலை பண்ணியிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், எட்டு மாசம் முன்னாடியே நான்..." என்று ஆரம்பித்தேன். காஞ்சனா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "நீ அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்தின்னா, நான் இந்நேரம் போன ஒடச்சிட்டு, இத்த அடிச்சிகினே இருந்திருப்பேன். கண்ணு அப்டியே போயிருக்கும். வுடுக்கா. வா, டீ சாப்டலாம்."

அந்தக் கையின் அழுத்தத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

5. பட்டை ஒட்டிய மாதங்கள்

டாக்டரிடம் காஞ்சனா கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். "போன அடியோட நிறுத்திடணுமா டாக்டர்?" என்றாள். டாக்டர் சிரித்தார். "பட்டை ஒட்டியிருக்கும்போது கிட்டத்துல பாக்கிற வேல குடுங்க. படம் வரையலாம், மணி கோக்கலாம். கொஞ்ச நேரம் போன்ல விளையாடினாலும் பரவாயில்ல. மத்த நேரம் வெளிய விட்டு ஓடி விளையாட விடுங்க." தர்ஷினி அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வழக்கில் ஜெயித்தவள் பார்வை.

முதல் மாதம் பெரும்பாடு. பட்டையைப் பிய்த்துப் போடுவாள், ஒளித்து வைப்பாள். வழிக்குக் கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா. எண்ணூர் ரோட்டில் லாரி வரிசை நகராமல் நிற்கும்போது வீடியோ காலில் வருவார். "இன்னா ஒத்தக்கண்ணு கேப்டன், ஒட்டிகினியா? எங்க, இப்ப நான் எத்தினி வெரல் காட்றேன் சொல்லு பாப்போம்!" தப்பாகச் சொன்னால் அவர் தோற்றதுபோல நடிப்பார். சரியாகச் சொன்னால் ஹாரன் அடிப்பார். அந்த ஹாரனுக்காகவே அவள் பட்டை ஒட்டிக்கொண்டாள் என்று காஞ்சனா சொல்வாள்.

இதற்கிடையில் எங்கள் கடையிலும் அண்ணாச்சி ஒரு முடிவு எடுத்தார். பவர் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்காமல் எந்தக் குழந்தைக்கும் கண்ணாடி கொடுக்கக் கூடாது. அந்தச் சோதனைக்குக் காசு வாங்கவும் கூடாது. கம்பெனி ஆள் வந்து, "சேல்ஸ் குறையுதே சார்" என்றபோது, "கொறையட்டும் தம்பி. கண்ணு தெரியாத புள்ளைக்கு வெறும் கண்ணாடிய மாட்டி அனுப்பிட்டு, ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல போய் எப்படி முழங்கால் போடுவேன்?" என்றார்.

இப்போது ப்ளூ கட் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அதனால் கண்ணுக்குத் தனிப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல ஃப்ரேமாக எடுங்கள். மூக்கில் வழுக்காத, காதில் அழுத்தாத, விழுந்தால் உடையாத லென்ஸ் போட்ட கண்ணாடியே குழந்தைக்கு நல்லது. போனை முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வைத்துவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு. அவர்களில் பாதிப்பேர் டெஸ்ட்டுக்குத் திரும்பி வருகிறார்கள்.

அப்படிச் சோதித்ததில் இன்னும் மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். அந்த மூவரும் தர்ஷினிக்குக் கடன்பட்டவர்கள். அவர்களுக்கு அது தெரியாது.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, தர்ஷினியை எங்கள் டெஸ்ட் ரூமில் உட்கார வைத்தேன். காஞ்சனா கதவருகே நின்றாள். வலது கண்ணை மறைத்தேன். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கினாள். கடைசிக்கு முந்தின வரியில் ஒரு எழுத்தில் தடுமாறினாள், திருத்திக்கொண்டாள். கடைசி வரி வரவில்லை. அது வராமலே போகலாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஒரு எழுத்தோடு நின்ற கண் அது. இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. காஞ்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்க்கா, இது போதும்" என்றாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் அந்த ஒரு வரி இதுதான்: லென்ஸைப் பற்றிப் பேசுமுன் குழந்தையின் இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று எந்தக் குழந்தையும் உங்களிடம் வந்து சொல்லாது. அதற்கு உலகம் எப்போதும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கேட்க வேண்டியது நாம்தான்.