என்னையும் சேர்த்து இழுத்த பை

தூண்டில், நைலான் நரம்பு, கத்தி வைக்க முதுகுப்பை வாங்க மருமகளோடு பொன்னேரிக்குப் போனேன். நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டை பூட்டுகிற பைதான் முதுகோடு சுகமாக ஒட்டியது.

“இன்னாத்துக்கு அத்தே இம்மாம் பெல்ட்டு? அவசரத்துக்குக் கய்ட்ட வராது.”

“எனக்கே சொல்றியா?” என்று அதையே எடுத்தேன்.

மறுநாள் காலையில் அதை மாட்டிக்கொண்டு காட்டுப்பள்ளி சாலையோரமாக உப்பங்கழிக்கு நடந்தேன். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் பையின் தோள்வாரைப் பிடித்து இழுத்தான். வேறு பையாக இருந்தால் கழன்றிருக்கும். இது என்னையும் சேர்த்துத் தரதரவென்று இழுத்தது. முட்டி கிழிந்து ரத்தம் கொட்டியது. பூட்டு திறக்கவில்லை; கத்தியோ பைக்குள் இருந்தது. எதிரே கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது.

கழியில் இரண்டு கையாலும் இறால் தடவிப் பிடிப்போம்; மீன்கூடையைப் பல்லில்தான் கடித்துக்கொள்வோம். அந்தப் பல்லால் அவன் மணிக்கட்டைக் கவ்வினேன். எலும்பு தட்டியும் விடவில்லை.

“ஐயோ, கெய்வி கடிக்கிறாடா! நிறுத்துடா!”

பைக் சரிந்தது. அவன் முகம் தாரில் மோதியது. லாரிக்காரர் பிரேக் அடித்து இறங்குவதற்குள் இருவரும் ஓடிவிட்டார்கள்.

பை இன்னும் இருக்கிறது. சாலையில் பட்டைகளைப் பூட்டுவதில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். மருமகள்தான் தினமும் வாசலில் நின்று கேட்கிறாள்: “பெல்ட்டு அவுத்துட்டியா அத்தே? பல்லு கீதா?”