ஆற்றுப் பாலத்தை எனக்குக் காட்டவில்லை

2006 ஜூலை 15, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. எட்டரைக்கு என் கணவர் கடை திறக்கப் போனார். பன்னிரண்டாவது படிக்கும் மகன் டியூஷனுக்குப் போய் வந்தான். மத்தியானம் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் பட்டாணி அவித்தேன். சின்னமனூரில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டிலிருந்து சுண்டல் போகும். அன்று எங்கள் முறை.

கூட்டத்தின் கடைசியில் சாட்சி நேரம். பிள்ளைகள் எழுந்து நின்று, தாங்கள் செய்த தப்பையும் ஆண்டவர் தங்களைக் காப்பாற்றியதையும் சொல்வார்கள். அப்போது பெரியவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. நான் தூக்குச்சட்டியோடு வராந்தாவில் நின்றேன். சன்னல் திறந்திருந்தது.

ஒரு பையன் சிகரெட் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஏலே, போன வாரமும் இதே சிகரெட்டுதான? இன்னும் அணையலயா?" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்கியதும் என் மகனின் குரல் கேட்டது. மார்க்கையன்கோட்டை போகிற வழியில் இருக்கும் ஆற்றுப் பாலத்தின் சுவரில் ஏறிக் குதித்திருக்கிறான். கூட்டாளிகளோடு பந்தயம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். சுழல் இழுத்திருக்கிறது. கோரையைப் பிடித்துக் கரையேறியிருக்கிறான்.

"அண்ணன்ட்ட மட்டுந்தான் சொன்னேன். அண்ணன் ஏசல. எந்த எடம்னு காட்டச் சொல்லி என் கூடயே வந்தாக. அங்கனயே நின்னு ஜெபிச்சோம்."

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

அண்ணன் என்று அவன் சொன்னது கூட்டத்தை நடத்தும் வாலிபரை. செல்போன் கடையில் வேலை பார்ப்பவர், நன்றாகக் கிட்டார் வாசிப்பார். வீட்டில் என் மகன் என்னிடம் பேசுவதெல்லாம் "பசிக்குது", "வர்றேன்", இவ்வளவுதான். அவரிடம் உயிர் பிழைத்த கதையையே சொல்லியிருக்கிறான். குதித்த அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையைத் துவைத்தவள் நான். சேறு போக இரண்டு தடவை சோப்புப் போட்டேன். கால்பந்து விளையாடினேன் என்றான், நம்பினேன்.

சுண்டல் கொடுத்து முடித்ததும் அந்த வாலிபரைத் தனியே கூப்பிட்டேன்.

"தம்பி, பெத்தவகட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா?"

"சன்னல்ல கேட்டீகளாக்கா?" அவர் முகம் வாடிவிட்டது. "நான் சொல்லியிருந்தா மறுக்கா குதிச்சிருப்பான், என்கிட்டயும் சொல்லாம. இனிமே குதிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கான். நீங்க கேட்டதக் காட்டிக்கிறாதீகக்கா. அப்புறம் யார்ட்டயும் வாயத் திறக்க மாட்டான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது என்னை இன்னும் எரித்தது. என் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகன் அந்தக் கூட்டத்துக்கு இனிமேல் போக மாட்டான். அவனுக்கு அந்த அண்ணனும் இருக்க மாட்டார். குழம்பு ஊற்றும்போது சொல்லலாம் என்று இருந்தேன், ரசம் ஊற்றும்போதும் இருந்தேன். மகன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு என்று இருப்பது அந்த ஒரு ஆள்தான் என்பதும் எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஆனால் தூங்கவும் முடியவில்லை. அந்த இடத்தை அவர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் மகனை எழுப்பினேன்.

"சைக்கிள எடு. எந்த எடம்னு எனக்கும் காட்டு."