பாம்புக்கையின் விரல்நுனி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாம்புக்கை என்பார்கள். நான் மட்டும் மாமா என்பேன்.

அந்தப் பட்டத்துக்குக் காரணம் கார் வடிவமைக்கிற புண்ணியவான்கள்தான். முன்பெல்லாம் பானட்டைத் திறந்தால் ஹெட்லைட் பல்ப் கைக்கு எட்டும். இரண்டு நிமிட வேலை. இப்போது விளக்குக்குப் பின்னாலேயே பேட்டரியையும் தண்ணீர் டேங்கையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். முறைப்படி மாற்றுவதென்றால் முன் பம்பரையே கழற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். வரைந்தவன் ஒருநாளாவது பல்ப் மாற்றியிருந்தால் இந்தப் பாவத்தைச் செய்திருக்க மாட்டான். மாமாவோ மிச்சமிருக்கிற சந்தில் மணிக்கட்டை மடக்கிக் கையை விடுவார். உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பல்பைப் பிடித்து நிறுத்தும் கம்பி கிளிப் அதன் பள்ளத்தில் விழுந்ததா என்று விரல்நுனிதான் சொல்ல வேண்டும்.

ஆறு மாதமாக அந்த விரல்நுனி மரத்துப்போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தை அவர் வெறுங்கையால் இறக்கி வைத்ததைப் பார்த்து அக்கா அலறிய அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"வெளிய மூச்சு விடாதடா. இந்தக் கை இல்லன்னா முதலாளிக்கு நான் எதுக்கு?" என்றார். அதற்கப்புறம் அவர் பானட்டுக்குள் கையை விடும்போதெல்லாம் நான் கைவேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பேன்.

அன்று மதியம் நர்ஸம்மாவின் வண்டி வந்தது. மலைப்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போயாக வேண்டும். மாமா வலது பல்பை மாற்றினார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் ஒழுங்காக விழுந்தது. நர்ஸம்மா கிளம்பிவிட்டார்.

மாமா நின்ற இடத்திலேயே நின்று விரலைக் கடித்துக் கடித்துப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"கிளிப் விழுந்துச்சான்னு தெரியலடா. விழலன்னா முதல் குழியிலயே பல்ப் நழுவிடும். மலை வளைவு வேற."

"சுவத்துல சரியாத்தானே அடிச்சுது? சும்மா ஏன் மண்டையப் போட்டு உடைச்சுக்கறீங்க?"

சொன்னேனே தவிர எனக்கும் நிச்சயமில்லை. முதலாளி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

மாமா போனை எடுத்தார்.

"நர்ஸம்மா, வண்டியத் திருப்புங்க. கிளிப் மாட்டுச்சான்னு எனக்குத் தெரியல. வண்டில கோளாறு இல்லம்மா. என் விரல்ல உணர்ச்சி இல்ல. ஆறு மாசமா."

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் சத்தமெல்லாம் நின்றுபோனது. முதலாளி திரும்பிப் பார்த்தார்.

வண்டி திரும்பி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து பம்பரைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப் கச்சிதமாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. நூலளவுகூடப் பிசகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே இந்த மனுஷன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா!" என்றார்.

பம்பரை மாட்டி நர்ஸம்மாவை அனுப்பிவைத்தோம். வாசலில் அடுத்த வண்டி நின்றது. அதற்கும் ஹெட்லைட் பல்ப்தான். முதலாளி சாவியை என்னிடம் நீட்டினார். வாங்காமல் மாமாவைப் பார்த்தேன்.

"வாங்கிக்கோடா," என்றார் மாமா.