அரத்தால் அழித்த பெயர்

அந்தப் பேனாக்கத்தியில் இருந்த பெயரை அரத்தால் தேய்த்து அழித்தவன் நான். தாராபதர் அல்லர். அவருக்கும் அந்தக் கத்திக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது போலும். தெரிந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் திராணி எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அலுத்துவிட்டது ஐயா... இத்தனை காலம் நல்லவன் வேஷம் போட்டது உடம்பையே அயர்த்திவிட்டது.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தவன். பிழைப்புக்காகக் கல்கத்தா வந்து, சணல் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காளிகாட்டில் குடித்தனம். மனைவி கமலம். ஒரே பிள்ளை சேஷு.

வங்காளத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சீமைத் துணி, சீமை உப்பு, சீமைச் சர்க்கரை எதையும் தொடக் கூடாது என்று தெருவுக்குத் தெரு கூட்டம் போட்டார்கள். சேஷுவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு காளி கோயில் முற்றத்தில் போய் நின்று, அந்நியச் சாமான் தொடுவதில்லை என்று அவனும் சத்தியம் செய்துவிட்டு வந்தான். "இனிமே என் பாலுக்கு வெல்லம் போட்டாப் போறும்மா" என்றான் கமலத்திடம். துரையிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை! துரை காதுக்கு எட்டினால் என் வேலை என்னாகும்? ஆனால் அதட்டவும் மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளைதான் பேனாக்கத்தி கேட்டான். பென்சில் சீவ வேண்டும், பட்டத்துக்கு மூங்கில் சீவ வேண்டும், வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறது. "ஆனா தேசிக் கத்தியாத்தான் இருக்கணும்ப்பா. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான்.

கோயிலுக்குப் போகும் சந்தில் தாராபதரின் கடை இருந்தது. கடை என்ன கடை, ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒரு சிவப்புத் துணி, துணிமேல் வரிசையாகக் கத்திகள். எல்லாம் பர்த்வானுக்குப் பக்கத்துக் காஞ்சன்நகரில் அடித்தவை. சுதேசி அலை வந்தபிறகு அவருக்குக் கொஞ்சம் வியாபாரம் சூடுபிடித்திருந்தது. வங்காளத்துப் பிள்ளைகளைப் போலவே சேஷுவும் அவரைக் 'காக்கு' என்றுதான் கூப்பிடுவான், சித்தப்பா முறை.

ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். எதையெதையோ எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கறுப்புக் கொம்புப் பிடி போட்ட ஒரு கத்தியைச் சேஷு எடுத்துக்கொண்டான். மடக்கினால் அவன் உள்ளங்கைக்குள் அப்படியே அடங்கியது. அதை விரித்து விரித்து மூடினான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் அங்கேயே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். நான் கொடுக்கவில்லை.

"இன்னிக்குச் சனிக்கிழமைடா. இரும்பு வாங்கப்படாது" என்றேன்.

வாங்கக் கூடாது என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் சனிக்கிழமையில் ஆணிகூட வாங்கியதில்லை. ஆனால் சனிக்கிழமை என்று தெரிந்துதானே கடைக்குக் கிளம்பினேன்? வாங்காமல் திரும்ப எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதைச் சாஸ்திரத்தின் தலையில் கட்டினேன்.

தாராபதர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதனாலென்ன பாபு, பிள்ளை எடுத்ததை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன். சௌகரியப்படும்போது வாருங்கள்" என்று வங்காள மொழியில் சொல்லி, அந்தக் கத்தியைக் காகிதத்தில் சுற்றித் தனியே வைத்தார்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறீர்களா? விரல் பயம் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நாட்டுக் கத்தியில் அலகை இறுக்கிப் பிடிக்கும் வில் தளர்ந்திருக்கும், சீவும்போது மடங்கிக் குழந்தையின் விரலைப் பதம் பார்த்துவிடும் என்று. பொய். அன்று கடையில் நான் ஒரு கத்தியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. வில் இறுக்கமா தளர்ச்சியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

உண்மை வேறு. ஆபீசில் துரையின் மேஜைமேல் ஒரு பேனாக்கத்தி கிடக்கும். இரண்டு அலகு, பழுப்புக் கொம்புப் பிடி. கடிதம் உடைத்துவிட்டு அவர் அதை மடக்கும்போது ஒரு சத்தம் வரும், 'டக்' என்று. அந்தச் சத்தத்தை வருஷக்கணக்காக எதிரே நின்று கேட்டிருக்கிறேன். ஒரு தரமும் அதைத் தொட்டதில்லை. என் பிள்ளை கையில் அப்படி ஒரு கத்தி இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான். அவனுடைய சத்தியத்தைவிட என்னுடைய ஆசை எனக்குப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் சீமைச் சாமான் விற்கும் சீனாபஜாருக்குப் போய் வாங்கினேன். அதே இரண்டு அலகு, அதே பழுப்புக் கொம்பு, அதே 'டக்'. பெரிய அலகின் அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஓர் அரமும் வாங்கிக்கொண்டேன்.

சேஷு விளையாடப் போயிருந்தான். கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தேன். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கமலம் வந்தாள்.

"என்னன்னா பண்றேள்?"

"ஒண்ணுமில்லை. துரு."

"புதுக் கத்தியிலே ஏது துரு?"

நான் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். அவளுக்கு நாலெழுத்து இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் என்னைத் தெரியும். குடத்தைக் கீழே வைத்தாள். "கொழந்தை சத்தியம் பண்ணியிருக்கான். இது சீமைக் கத்தின்னு அவன்கிட்டச் சொல்லிடுங்கோ. வேண்டாம்னா வேண்டாம்னு போறான்" என்றாள்.

"நன்னா இருக்கறதைத்தானே குடுக்கறேன்? நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். அந்தக் குற்றத்தில் அவளையும் நான்தான் இழுத்துவிட்டேன்.

சாயங்காலம் சேஷுவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "காக்கு கடையிலயாப்பா?" என்பதுதான். "பின்னே?" என்றேன். "நான் எடுத்தது கறுப்பாச்சே, இது பழுப்பா இருக்கே" என்றான். "அது வித்துப்போச்சாம்" என்றேன். பாருங்கள், எவ்வளவு சரளமாக வருகிறது! ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, வாய் கூசவே இல்லை. அவன் நம்பினான். அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்?

சில நாள் அவன் அந்தக் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. தூங்கும்போதும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். வீட்டில் இருந்த பென்சிலெல்லாம் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டன. நானும் அவன் மடக்கும் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன அலகை நான் திறந்தே பார்க்கவில்லை. அதன் வில் மிகவும் இறுக்கம். சேஷுவின் நகத்துக்கும் அது வரவில்லை. ஒருநாள் மாலை மைதானத்தில், பட்டத்துக்கு மூங்கில் சீவும்போது, அவனைவிடப் பெரிய பையன் ஒருவன் அதைப் பல்லால் கடித்து இழுத்துத் திறந்துவிட்டான். சின்ன அலகிலும் 'இங்கிலாந்து' இருந்தது. நான் அழிக்காத 'இங்கிலாந்து'.

சேஷு வீட்டுக்கு ஓடிவந்தபோது சட்டை கிழிந்திருந்தது. வாசலில் பையன்கள் கூட்டம். 'மதராஸிப் பொய்யன், காளி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் அழவில்லை. கத்தியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, நெஜமாச் சொல்லுங்கோ. இது எங்கே வாங்கினது?"

எத்தனை சுலபமான கேள்வி! சீனாபஜார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் கத்தியைத் தூக்கி எறிந்திருப்பான், என்னோடு சில நாள் பேசாமல் இருந்திருப்பான், பிறகு சரியாகியிருக்கும். எனக்கு நா எழவில்லை. இல்லை, அப்படிச் சொல்வதும் பொய். நா நன்றாகவே எழுந்தது.

"தாராபதர் கடையிலதான்டா. அவர் என்னை ஏமாத்திட்டார் போல இருக்கு" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருவில் இருந்தான். வாசலில் நின்ற கூட்டம் அவன் பின்னால் ஓடியது. நானும் ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று நினைக்கிறேன்...

தாராபதருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் கடைச் சரக்கே இல்லையே. நான் சீமைச் சரக்கைத் தொடுவதே இல்லையே" என்றார். பிறகு பலகைக்கு அடியில் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். கறுப்புக் கொம்புப் பிடி. சேஷு தேர்ந்தெடுத்த கத்தி. "பார் தம்பி, உனக்கென்று வைத்தது இங்கேயே இருக்கிறது. உன் அப்பா அப்புறம் வரவே இல்லை" என்றார்.

சேஷு திரும்பி என்னைப் பார்த்தான்.

அதற்குள் கூட்டத்தின் பின்னால் நின்ற என்னைத் தாராபதரும் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி. "இதோ பாபுவே வந்துவிட்டார்! பாபு, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் என்னிடம் வாங்கவில்லையே?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பையன்களுக்குப் பயந்தேனா? வேலை போய்விடும் என்று பயந்தேனா? எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். எதுவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணில் நான் சின்னவனாகிவிடக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

"திங்கட்கிழமை வந்து வாங்கினேனே, மறந்துவிட்டதா? அந்தக் கறுப்புக் கத்தி விற்றுப்போயிற்று என்று சொல்லி ஒளித்துவைத்துவிட்டு இதைத் தலையில் கட்டியது நீங்கள்தானே?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல வங்காள மொழியில்.

தாராபதர் அந்தக் கறுப்புக் கத்தியை என் பக்கம் நீட்டியபடியே நின்றார். பலகையை முதலில் பிடித்துத் தள்ளியவன் சேஷு. அப்புறம் மற்றவர்கள் பாய்ந்தார்கள். கத்திகளை அள்ளிக்கொண்டு போய்க் கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கையில் வீசினார்கள், காஞ்சன்நகர்க் கத்திகள், அசல் தேசிக் கத்திகள் எல்லாவற்றையும். என் சீமைக் கத்தியும் அவற்றோடு போயிற்று. பெரியவர்கள் சிலர் வந்து விலக்கினார்கள். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவர்களும் அவரைத்தான் ஏசினார்கள். சுதேசி என்று சொல்லிச் சீமைச் சரக்கு விற்பவனிடம் அந்தக் காலத்தில் யார் ஒரு சாமான் வாங்குவார்கள்?

அன்று சோறு போடும்போது கமலம் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அதன்பிறகு சாகும்வரையில் அவள் இந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சில வாரத்தில் சந்தில் அந்த இடத்தில் ஒரு பூக்கடை வந்துவிட்டது. தாராபதர் கங்கைக்கு அக்கரையில் ஹவுராப் பக்கம் ஏதோ பட்டறையில் கூலி வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அக்கரைக்குப் படகில் போகும்போதெல்லாம் முகங்களைத் தேடுவேன். தேடிப்போய் மன்னிப்புக் கேட்க அல்ல. அவர் இருந்தால் அடுத்த படகில் ஏறலாம் என்று.

இத்தனையும் செய்து நான் காப்பாற்றிக்கொண்டது, பிள்ளையின் மதிப்பை. அதைக் காப்பாற்றியும்விட்டேன். வளர்ந்து ஆளான பிறகும் சேஷு என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அப்பாவைப்போல் நேர்மையானவர் உண்டா என்று சிநேகிதர்களிடம் சொல்வான். பக்கத்து அறையில் நான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

சென்ற மாதம் அவனுக்கு ரங்கூனில் வேலையாகி, கப்பலுக்குக் கிளம்பினான். வாசலில் வண்டி நின்றது. எனக்கு நமஸ்காரம் செய்தவன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கெடந்து அறுக்கறது" என்றான், தரையைப் பார்த்தபடி. "அன்னிக்குக் காக்கு அந்தக் கறுப்புக் கத்தியை எடுத்துக் காட்டினாரே... அப்போ உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். அப்பாதான் பொய் சொல்றார்னு தோணிடுத்து. பெத்த அப்பாவைப் போயி இப்படி நெனச்சுட்டோமேன்னு என் மேலயே வந்த ஆத்திரம்தான்... அதுலதான் பலகையை மொதல்ல நான் தள்ளினேன். என்னை மன்னிச்சுடுங்கோப்பா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. இனி எப்போது அவனைப் பார்ப்பேனோ தெரியாது. இதைவிட நல்ல சமயம் எந்தத் தெய்வமும் யாருக்கும் கொடுத்திருக்காது. வாயைத் திறந்தேன்.

"சின்ன வயசுல தோணினது, அதைப் போயி... நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைடா. எழுந்திரு, நாழியாறது" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

ஆமாம், நான் அவனை மன்னித்துவிட்டேன்.