சாந்தோமில் செம்மண் பூசிய நிலை

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூரிலிருக்கும் அக்காவை ஊருக்கு அழைத்துப்போக வந்த நான், சாந்தோம் குப்பத்தின் வழியாக நடக்கிறேன். பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு கூரை வீட்டின் வாசல் நிலையில் மட்டும் சிவப்பாக ஏதோ பூசியிருக்கிறது. விமானத்துக்குக் காட்டும் அடையாளமா, திருடர்கள் வைத்த குறியா? நின்று பார்க்கிறேன்.

"இன்னாய்யா நோட்டம் வுட்ற? பூட்டுன வூட்டையெல்லாம் எண்ணிகினு கீறியா?"

செம்மண் சட்டியோடு வெளியே வருகிறாள் ஒரு மீன்காரம்மா. கழுத்தில் சிலுவை. அக்கா வீட்டு விலாசத்தைச் சொல்லியும் அவள் முகம் இளகவில்லை.

"இது என்ன குறிம்மா?"

"எகிப்துல இஸ்ராயேல் சனங்க ஆட்டு ரத்தத்த நிலையில பூசுனாங்க. சாவு அந்த வூடுங்கள தாண்டிப் போச்சு. எங்கப்பா படுத்த படுக்கையா கீறாரு. தூக்கிகினு எங்க போவ?"

"அவர்களுக்குக் கடவுள் பூசச் சொன்னார். உங்களுக்குச் சொன்னாரா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் சட்டியைக் கீழே வைக்கிறாள்.

"சொல்லல. எனக்கும் சந்தேகந்தான். அந்த சனங்க மட்டும் நம்புனாங்களா? எகிப்த வுட்டுக் கெளம்பி கடலாண்ட வந்ததுமே, எங்கள சாவடிக்கவா கூட்டியாந்தேன்னு சண்ட போட்டாங்க. அப்பவும் கடவுளு அவங்கள வுட்டுட்டுப் போவல."

உள்ளே கிழவர் இருமுகிறார். அவள் சட்டியில் கையை விட்டு, காய்ந்த பூச்சின்மேல் இன்னொரு முறை அழுத்திப் பூசுகிறாள்.