போனுக்குள்ளே வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சினோம்

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் நான் ஒரு நன்றி சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது சின்னவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை லீவில் வந்து போனதோடு சரி. பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் சின்னவளுக்கு அம்மா என்பது போனில் தெரிகிற ஒரு முகம்தான். வீடியோ கோல் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"எங்க என் தங்கம்? ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க" என்று அம்மா கெஞ்சுவாள். கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் சின்னவள் தரையைப் பார்ப்பாள். பிள்ளைக்கு நான் ஆகாதவளாகப் போய்விடுவேனோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

அந்த நேரத்தில்தான் பெரியவள் போனுக்குப் போடுகிற ரீலோட் காசில் ஒரு விளையாட்டுக்குள்ளே வீடு வாங்கினாள். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் பொம்மை உருவத்தில் வந்து நடந்து, பேசி, வீடு வைத்துக்கொண்டு இருக்கிற விளையாட்டு அது.

"ஏம்மா, ஒழுகுற கூரைக்குத் தகரம் மாத்த வழியக் காணோம். கைக்குச் சிக்காத வீட்டுக்கா காசு குடுக்குற?" என்று கேட்டேன்.

"இது தோட்டத்து லயம் இல்லப்பா. நம்ம சொந்த வீடு. தோட்டத்துத் தொர வந்து வீட்ட விட்டு எழும்பச் சொல்ல ஏலாது."

கோபத்தோடு போய் ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு லீவு. பெரியவள் சொல்லிக் கொடுத்து, அம்மாவும் தன் போனில் அந்த விளையாட்டைப் போட்டிருந்தாள். நீலச் சட்டை போட்ட பொம்மையாக வந்து நம் வாசலில் நின்றாள். முகம் தெரியாததாலோ என்னவோ, சின்னவளுக்கு வெட்கமே வரவில்லை. அக்கா செய்து கொடுத்த தன் பொம்மையை முன்னால் நடத்தி அம்மாவைக் கூட்டிப் போனாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க! அது செவுரு, முட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

அம்மா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. ஒவ்வோர் அறையாகப் பார்த்து முடித்ததும் கேட்டாள்: "சொந்த வீடுங்கிறீங்க. பால் காய்ச்சினீங்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். நம் குடும்பத்தில் சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியவர் யாரும் இல்லை. லயத்து வரிசையில் எந்தக் காம்பிரா அறைக்கு மாறினாலும் அது தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தம். சாமானைத் தூக்கிக்கொண்டு நுழைவோம், அவ்வளவுதான்.

"அடுப்பு இல்லம்மா. அதயும் காசுக்குத்தான் வாங்கணும். அப்பா ஏசுவாரு" என்றாள் சின்னவள்.

"ஏங்க, கேக்குதா? அடுப்பில்லாம ஒரு வீடா? வாங்கிக் குடுங்க."

பதுளை டவுனுக்குப் போனபோது ரீலோட் போட்டேன். அடுப்பை நானே பார்த்துத் தெரிந்தெடுத்தேன், இருந்ததிலேயே நல்லதாக. கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னேன். "இதுல கெழக்கு எங்கப்பா இருக்கு?" என்று பெரியவள் கேட்டாள். விளையாட்டுக்குள்ளே விடிகிற வரைக்கும் காத்திருந்து, சூரியன் வந்த பக்கம் பார்த்து வைத்தோம்.

அடுத்த வெள்ளி அம்மா பொம்மையாக வந்தாள். பாத்திரத்தை ஏற்றினால் அடுப்பு எரியவில்லை.

"அப்பா, நீங்க அழகுக்கு வெக்கிற அடுப்ப வாங்கியிருக்கீங்க. இது எரியாது" என்றாள் பெரியவள்.

"வெல கூடினதாச்சேம்மா!"

"அழகுக்குத்தான் அந்த வெல."

"என்னையும் அழகப் பாத்துத்தான் கட்டினாரு, விடு" என்றாள் அம்மா.

சின்னவள்தான் எழுந்து ஓடினாள். நாம் இருக்கிற லயத்து அடுப்பில் பாலை வைத்து, என்னைத் தீ மூட்டச் சொல்லி, போனை அதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, போயிறாதீங்க, இங்க காய்ச்சுறோம். உங்க பொம்மைய அடுப்புக்கிட்ட நிக்க வைங்க. இந்தா வருது... பொங்கிருச்சி! அம்மா, பொங்கிருச்சி!"

"கேட்டுச்சி தங்கம்" என்றாள் அம்மா.

ஒரு டம்ளரில் ஊற்றி, "இது அம்மாவுக்கு. உங்களுக்காக நான் குடிக்கிறேன்" என்று சொல்லிக் குடித்தவளும் சின்னவள்தான். அன்றிலிருந்து வியாழக்கிழமையே, "நாளைக்குத்தானே அம்மா வருவாங்க?" என்று கேட்கிறாள். வீட்டை வாங்கியது ஒருத்தி, அம்மாவை அதற்குள் கூட்டிப் போனது இன்னொருத்தி. நான் ஏசிய காசு எனக்கு என்ன வாங்கித் தந்தது என்று இப்போது தெரிகிறது. நல்லா இருங்கள் பிள்ளைகளே.

போன பௌர்ணமி போயா லீவில் நீங்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் தனியாகப் போனை எடுத்து அந்த வீட்டைத் திறந்தேன். உட்கார ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த காசில் அம்மாவுக்கு ஒரு கதிரை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். இதுவும் அழகுக்கு வைக்கிறதுதானோ என்று சின்னவளின் பொம்மையை நடத்திப் போய் உட்கார வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. எழுப்பிவிட்டு, அதை ஒட்டி அவளுக்கு ஒரு சின்ன ஸ்டூலும் வாங்கிப் போட்டேன்.